கடலுக்குள் நின்று எடுத்த கலங்கரை விளக்கம்

சென்ற மாதம் ஆலையில் ஓய்வு பெற்றவர்களை அழைத்து ஒரு விருந்து வைத்தார்கள். சாப்பாடு முடிந்ததும், சுரங்கப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த பொறியாளர் பெண் ஒருத்தி எங்களைக் குவாரி ஓரத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே ஒரு ட்ரோனைப் பறக்கவிட்டாள். அது பாறை முகத்தை மேலும் கீழுமாக மேய்ந்துவிட்டுத் திரும்பி வந்து அவள் காலடியில் உட்கார்ந்தது. வெடிப்பு எங்கே, பிளவு எங்கே என்று திரையில் தொட்டுத் தொட்டுக் காட்டினாள்.

பிறகு என்னிடம் கேட்டாள்: "நீங்கதான் இங்க மொத போட்டோகிராபர்னு சொன்னாங்கம்மா. அந்தக் காலத்துல இதெல்லாம் எப்படி எடுத்தீங்க?"

"நின்னு எடுத்தேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எங்கே போய் நிற்பது என்று கண்டுபிடிப்பதும், அங்கே நிற்க விடாதவர்களைத் தாண்டிப் போய் நிற்பதும்தான் என் வேலையில் பாதியாக இருந்தது. அந்தப் பெண்ணிடம் அன்றைக்கு நேரமில்லாமல் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

என் ஊர் குன்னத்துக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் பிறர் கொல்லையில் பருத்தி எடுத்தார்கள், வெங்காயம் அறுத்தார்கள். எங்கள் தெருவில் பள்ளி இறுதி வரை படித்த முதல் பெண் நான். அதற்குப் பிறகு திருச்சியில் தங்கி வரைபடம் நகலெடுக்கும் ட்ரேசர் படிப்புப் படித்தேன். எழுபதுகளின் பிற்பகுதியில், அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலையின் வரைபடப் பிரிவில் தற்காலிக ட்ரேசராகச் சேர்ந்தேன். அப்போது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி ஜில்லாவில் இருந்தன. பஸ்ஸில் வேலைக்குப் போய் வருவதற்குள் தலைமுடியெல்லாம் சுண்ணாம்புத் தூசியாகிவிடும்.

வரைபடப் பிரிவை ஒட்டி ஒரு இருட்டறை இருந்தது. பெரிய வரைபடங்களைச் சிறிதாக்கிப் படம் எடுத்து வைப்பதற்காக ஒரு பெட்டிக் காமிரா வாங்கிப் போட்டிருந்தார்கள். தேக்குப் பலகையில் செய்தது. நடுவில் துருத்தி மாதிரி மடிப்புத் தோல் இருக்கும். முக்காலியோடு சேர்த்தால் ஓர் ஆள் தூக்க முடியாது. அதைக் கையாண்டவர் வளைகுடாவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். போவதற்கு முன் இரண்டு மாதம் எனக்குக் காட்டிக் கொடுத்தார். மீதியை ஃபிலிம் பாழாக்கிப் பாழாக்கி நானே தெரிந்துகொண்டேன்.

அந்தக் காமிராவைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் பின்னால் வருவது புரியும். அதன் பின்பக்கம் ஒரு மங்கல் கண்ணாடி உண்டு. கறுப்புத் துணியைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு பார்த்தால், எதிரே இருப்பது அந்தக் கண்ணாடியில் தலைகீழாக விழும். மற்றக் காமிராக்களில் உயரமான ஒன்றை எடுக்கக் காமிராவையே அண்ணாந்து பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் கட்டடம் பின்னால் சாய்கிற மாதிரி வரும். இதில் அண்ணாந்து பிடிக்கத் தேவையில்லை. காமிராவை நேராக வைத்துவிட்டு, லென்ஸ் இருக்கும் முன்பலகையை மட்டும் திருகி மேலே ஏற்றலாம். சுவர் சுவராகவே நிற்கும். ஒவ்வொரு ஃபிலிமும் உள்ளங்கையை விடப் பெரியது. அதில் பதிவது மயிரிழை கூடத் தப்பாது.

எங்கள் பிரிவின் தலைவர் ஜமால் சார். பெருக்க வருகிற அம்மாவிலிருந்து மேனேஜர் வரை எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். "தாங்கள் தயவுசெய்து" என்று அவர் ஆரம்பித்தால் வரைபடப் பிரிவே எழுந்து நின்றுவிடும். நல்லா இருக்கு என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. ஒரு படத்தைக் கொண்டுபோய் வைத்தால், சட்டைப் பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து ஒரு மூலையில் ஆரம்பித்து வரிவரியாகப் படிப்பார். முடித்ததும் ஒன்று, "அனுப்பிடுங்க" என்பார். அல்லது, "இன்னொண்ணு" என்பார். இன்னொன்று எதற்கு என்று சொல்ல மாட்டார். அதை நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

குவாரியில் வெடி வைப்பதற்கு முன்னும் பின்னும் பாறை முகத்தைப் படம் எடுத்து வைப்பது என்று அவர் ஏற்பாடு செய்திருந்தார். காமிராவுக்கு ஆள் இல்லாமல் போனதும் அந்த வேலை என்னிடம் வந்தது. முதல் நாள் பெட்டியைத் தூக்க ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு முக்காலியோடு இறங்கினேன். வெடி வைக்கும் மேஸ்திரி வழியில் வந்து நின்றார்.

"பொம்பளைங்க வெடி எடத்துக்கு வரக்கூடாதும்மா. ஆகாது."

"யாருக்குங்க ஆகாது?"

"எடத்துக்கு ஆகாது. எங்க ஆளுங்களுக்கு ஆகாது. கோவிச்சுக்காத, மேல போயி நின்னு எடு."

"மேலருந்து எடுத்தா மொகம் தெரியாதுங்க. நான் நிக்கிறேன். நீங்க மேல போயி சொல்லிட்டு வாங்க."

அவர் ஜமால் சாரிடம் போனார். அவர் திரும்பி வருவதற்குள் நான் எடுத்து முடித்துவிட்டேன். ஜமால் சார் அவரிடம் என்ன சொன்னாரோ தெரியாது. அதற்குப் பிறகு அவர் குறுக்கே வரவில்லை. ஆனால் ஒரு வருடம் வரை நான் நிற்கும் பக்கம் அவர் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அந்தக் குவாரியில்தான் வெயிலைக் கற்றேன். பாறைக்கு நேர் எதிரே வெயில் அடிக்கும்போது எடுத்தால் முகம் வழுவழுவென்று ஒரே வெள்ளையாக வரும். வெயில் பாறையைத் தடவிக்கொண்டு பக்கவாட்டில் போகும்போது எடுத்தால், நகக்கீறல் அளவு பிளவு கூட நிழலாக எழுந்து நிற்கும். இதற்காகவே காத்திருந்து காத்திருந்து என் முகம் கறுத்துப்போனது. என் வீட்டுக்காரர் ரத்தினம் அரியலூர்க் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்தார். "இனிமே கொடை பிடிச்சுக்கிட்டு எடு" என்று ஒரு பெரிய கறுப்புக் குடை வாங்கிக் கொடுத்தார். அது எனக்கு நிழல் கொடுத்ததை விடக் காமிராவுக்குத்தான் அதிகம் கொடுத்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் கடற்கரையில் ஒரு புதிய கலங்கரை விளக்கம் கட்டினார்கள். கொள்ளிடம் கடலில் சேரும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு மீனவர் குப்பம். அதன் ஓரத்தில் நாற்சதுரமாக, பூச்சு எதுவும் இல்லாமல், கான்கிரீட்டை வார்த்தபடியே நிறுத்திய கோபுரம். அதற்குச் சிமெண்ட் எங்கள் ஆலையிலிருந்து போயிருந்தது. எங்கள் பொது மேலாளருக்கு, அது எழுந்து மூன்று நான்கு வருடம் ஆகியும், அதில் பெரிய பெருமை. அந்த வருடச் சித்திரைக் காலண்டரில் அதைத்தான் போட வேண்டும் என்று முடிவு செய்து, மெட்ராஸிலிருந்து ஒரு ஸ்டூடியோக்காரரை அனுப்பிப் படம் எடுக்கச் செய்தார். படம் வந்தது. கோபுரம் பின்னால் சாய்ந்திருந்தது.

பொது மேலாளர் அதை ஜமால் சார் மேசையில் போட்டார். "இதக் காலண்டர்ல போட்டா நம்ம சிமெண்ட் சாயுதுன்னு ஊரு சிரிக்கும். நேரா எடுக்க முடியுமா முடியாதா?"

"நம்ம பெட்டிக் காமிரால முடியும் சார்" என்றார் ஜமால் சார்.

"யாரு எடுப்பா?"

ஜமால் சார் என் பக்கம் கையைக் காட்டினார். பொது மேலாளர் என்னைப் பார்த்தார். பிறகு ஜமால் சாரையே பார்த்தார். "ஒரு பொம்பளப் புள்ளைய அவ்வளவு தூரம் அனுப்பறதா?"

நான் எழுந்து நின்று சொன்னேன்: "நான் போறேன் சார். ஜீப்பு மட்டும் வேணும்."

வீட்டில் அன்று மாலை ரத்தினத்திடம் சொன்னேன். எங்கள் மகளுக்கு அப்போது மூன்று வயது. அவர் மிஷினை நிறுத்தாமலே கேட்டார். "எத்தன நாளு?"

"வெயிலு அமையறதப் பொறுத்து."

"பாப்பாவ எங்கம்மா பாத்துக்கும். நீ எடுத்துட்டே வா. எடுக்காம பாதியில திரும்பி வந்துட்டு அப்பறம் ராத்திரியெல்லாம் பொலம்பக் கூடாது."

மாசி மாதம். கடல் அமைதியாக இருக்கும் காலம். ஜீப் ஓட்டியவர் ஜெயங்கொண்டத்துக்காரர் ராசு அண்ணன். ஐம்பது வயதைத் தாண்டியவர், அதிகம் பேச மாட்டார். காமிராப் பெட்டிக்குக் கீழே வைக்கோல் பரப்பி, பள்ளம் வரும் இடத்திலெல்லாம் மாட்டு வண்டி மாதிரி ஓட்டினார். மீன்சுருட்டி தாண்டிக் கடற்கரை போய்ச் சேர மதியமாகிவிட்டது. அவருடைய உறவுக்காரப் பெண் ஒருத்தி அந்தக் குப்பத்துக்குப் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் வீட்டில் எனக்குத் தங்க இடம்.

கோபுரத்தைப் பார்த்ததும் மெட்ராஸ்காரர் பட்ட பாடு புரிந்தது. கரைப்பக்கம் சவுக்குத் தோப்பு பாதி உயரத்தை மறைத்தது. தோப்பைத் தாண்டி உள்ளே போனால் விளக்குக் காவலரின் குடியிருப்பு மறைத்தது. அடிவாரத்தில் நின்றால் அண்ணாந்துதான் எடுக்க வேண்டும். என் முன்பலகையை முழுக்க ஏற்றினாலும் போதவில்லை. வடக்கு, தெற்கு, மணல்மேடு என்று எல்லா இடத்திலும் முக்காலியை ஊன்றிப் பார்த்தேன். அடியிலிருந்து நுனி வரை எதுவும் மறைக்காமல் பார்க்க ஒரே ஒரு திசைதான் இருந்தது. அது கடல்.

விளக்குக் காவலர் அந்தோணி வெளியே வந்து என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். என் வயதுதான் இருக்கும். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு கோபுரத்தின் காலடியில் குடியிருந்தார்.

"என்னம்மா தேடுறீங்க?"

"நிக்கறதுக்கு எடங்க."

ஆலையிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் அவர் முகம் மாறியது. உள்ளே அழைத்துப் போய்த் தண்ணீர் கொடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"கடல் பக்கத்துச் சொவத்துல விரிசல் இருக்கும்மா. ஒசரத்துல, நடுவாந்தரமா. மழைக்கப்பறம் துருத் தண்ணி வழியுது. எங்க ஆபீஸுக்கு எழுதிப் போட்டேன். வந்தாங்க. கீழருந்து பாத்தாங்க, மேல பால்கனியிலருந்து எட்டிப் பாத்தாங்க. ஒண்ணும் தெரியலன்னுட்டாங்க. மேல் சிமெண்டு வெடிச்சிருக்கும், சுண்ணாம்பு அடின்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

"நீங்க எங்கருந்து பாத்தீங்க?"

"முத்தையன் சொல்லித்தான் எனக்கே தெரியும்."

முத்தையன் அந்தக் குப்பத்து மீனவர். சாயங்காலம் வலை காய வைத்துக்கொண்டிருந்தவரிடம் அந்தோணி என்னை அழைத்துப் போனார்.

"கரையில நின்னா தெரியாது தங்கச்சி" என்றார் முத்தையன். "நாங்க தொழிலு முடிஞ்சு கரைக்கு வாரோம் பாரு, உச்சிப் பொழுதுக்குக் கொஞ்சம் முந்தி, அப்பதான் தெரியும். சொவத்துல யாரோ கரிக்கட்டையால கோடு போட்ட மாதிரி. ஒரு ஆளு ஒசரத்துக்கு மேல நீளம் இருக்கும். கொஞ்ச நேரந்தான், அப்பறம் நெழலு விழுந்து மறஞ்சுரும்."

அவர் சொல்லச் சொல்ல எனக்குக் குவாரி முகம் கண்ணில் வந்தது. உச்சிக்கு முன் வெயில் அந்தச் சுவரை மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டு இறங்கும். அப்போது மட்டும்தான் பிளவு நிழலாக எழும்.

"கடலுக்குள்ள நான் நிக்க எடம் இருக்குமா அண்ணே? படகு ஆகாது. படகு ஆடும்."

அவர் யோசித்தார். "முன்னாடி ஒரு மணல்திட்டு இருக்கு. தண்ணி வத்தற நேரத்துல முதுகு தெரியும். வெள்ளம் ஏறுனா மூடிக்கும். நாளக்கி காலம்பற வத்தும். உச்சிப் பொழுதுக்குள்ள ஏற ஆரம்பிச்சுரும்."

வெயில் வேண்டிய நேரமும் தண்ணீர் ஏறும் நேரமும் ஒன்றாக இருந்தன.

திரும்பி நடக்கும்போது அந்தோணி கேட்டார்: "உங்க படத்துல அது தெரியுமாம்மா? நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. முத்தையன் சொன்னா கேக்கவே மாட்டாங்க."

"தெரியற மாதிரி எடுக்கறேங்க" என்றேன். சொன்ன பிறகுதான் நான் எங்கள் ஆலைக்காக வந்திருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. ஆனாலும் சொன்னதை நான் மாற்றிச் சொல்லவில்லை.

மறுநாள் காலை முத்தையனும் இன்னும் மூன்று பேரும் காமிராவை வலைத்துணியில் சுற்றிப் படகில் ஏற்றினார்கள். ராசு அண்ணன் கரையில் நின்று, "பாத்தும்மா, பொட்டி நனஞ்சா நான்தான் பதில் சொல்லணும்" என்றார். அவருக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது. அதை நான் சொல்லவில்லை.

திட்டு ஒரு களத்து மேட்டின் அளவு இருந்தது. ஈர மணல். முக்காலியை வைத்தால் கால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்கு உள்ளே இறங்கியது. முத்தையன் படகிலிருந்த பலகையை உடைக்கச் சொல்லி, மூன்று காலுக்கும் கீழே ஒவ்வொரு துண்டு போட்டார். அதற்குப் பிறகு முக்காலி நின்றது. நூலில் கட்டிய தூக்குக் குண்டைத் தொங்கவிட்டுக் காமிராவை நேராக்கினேன். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். மங்கல் கண்ணாடியில் கோபுரம் தலைகீழாக, அடியிலிருந்து நுனி வரை, எங்கேயும் மறைவில்லாமல் தொங்கியது. முன்பலகையைத் திருகி ஏற்றினேன். விளிம்புகள் கண்ணாடியில் கீறியிருந்த கட்டக் கோடுகளோடு ஒட்டி நின்றன. சாய்வு இல்லை.

முதலில் காலை வெயிலிலேயே ஒன்று எடுத்தேன். சூரியன் என் முதுகுக்குப் பின்னால். சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. விரிசல் துளியும் தெரியவில்லை. கண்ணை இடுக்கிப் பார்த்தும் தெரியவில்லை. ஆபீஸிலிருந்து வந்தவர்கள் பொய் சொல்லவில்லை என்பது அப்போது புரிந்தது.

பிறகு காத்திருந்தோம். குடையைக் காமிராவுக்குப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயில் ஏற ஏற, அலை திட்டின் ஓரத்தை நக்க ஆரம்பித்தது. முதலில் நுரை மட்டும் வந்தது. பிறகு கணுக்கால் வரை வந்தது. முத்தையன் வானத்தைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார்.

"போதுமா தங்கச்சி?"

"இல்லண்ணே."

தண்ணீர் கெண்டைக்காலுக்கு வந்தது. பலகைக்கு அடியில் மணல் கரைவது உள்ளங்காலில் தெரிந்தது. துணிக்குள் பார்த்தால் கோபுரம் மெல்ல ஆடியது. அலை வந்து போகும்போது மட்டும் ஆடியது. அலைக்கும் அலைக்கும் நடுவே நின்றது. எனக்கு அந்த இடைவெளி போதும்.

"அண்ணே, மூணு காலையும் ஆளுக்கு ஒண்ணா பிடிச்சு அழுத்துங்க. தூக்கிறாதீங்க. கீழ அழுத்துங்க."

மூன்று பேர் தண்ணீரில் மண்டியிட்டு முக்காலியை அழுத்திப் பிடித்தார்கள். முத்தையன் என் பின்னால் நின்று என் தோளைப் பற்றிக்கொண்டார். சுவரில் வெயில் சரிந்து இறங்கியது. முதலில் வார்ப்புப் பலகைகளின் தடங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. வெறும் வெள்ளையாக இருந்த சுவர், அடுக்கடுக்காக, ஒரு ஆள் உட்கார்ந்து செதுக்கியது போல ஆனது. அத்தனை அழகாக அது இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அதன் நடுவே, வலது பக்கம் சரிந்து, அந்தக் கோடு வந்தது. அதன் கீழ் நுனியிலிருந்து துருக் கறை கண்ணீர்த் தடம் போல இறங்கியிருந்தது.

அலை போனதும் ஒன்று எடுத்தேன். ஃபிலிம் சட்டத்தை மாற்றி அடுத்த அலைக்குப் பிறகு இன்னொன்று எடுத்தேன். மூன்றாவதை எடுக்கும்போது தண்ணீர் இடுப்புக்குக் கீழே புடவையை இழுத்தது.

"போலாம்ண்ணே" என்றேன். அவர்கள் காமிராவை முக்காலியோடு அப்படியே தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போனார்கள். பெட்டி நனையவில்லை. நான்தான் கழுத்து வரை நனைந்து, இரண்டு முறை உப்புத் தண்ணீர் குடித்து, முத்தையன் கையைப் பிடித்துக்கொண்டு படகில் ஏறினேன்.

அரியலூர் திரும்பியதும் நேராக இருட்டறைக்குப் போனேன். மூன்றில் ஒன்று ஆடிப்போயிருந்தது. ஒன்றில் உப்புத் துளி பட்டிருந்தது. நடுவில் எடுத்தது அப்பழுக்கில்லாமல் வந்திருந்தது. காலை வெயிலில் எடுத்ததையும் அதையும் பெரிதாக்கி ஜமால் சார் மேசையில் வைத்தேன். விரிசலைப் பற்றியும் அந்தோணி சொன்னதையும் சொன்னேன்.

அவர் பூதக்கண்ணாடியோடு வெகுநேரம் குனிந்திருந்தார். கோட்டின் மேல் நுனியிலிருந்து கீழ் நுனி வரை போனார். நிமிர்ந்து, "அனுப்பிடுங்க" என்று சொல்லவில்லை. "இன்னொண்ணு" என்றும் சொல்லவில்லை. "வாங்க, சேந்தே போவோம்" என்றார்.

பொது மேலாளர் முதலில் காலைப் படத்தைப் பார்த்தார். "கடுதாசிய வெட்டி ஒட்டுன மாதிரி இருக்கு" என்று தள்ளி வைத்தார். இரண்டாவதைக் கையில் எடுத்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். "இதுதாம்மா. இதுதான் நான் கேட்டது. என்னா கம்பீரமா நிக்குது." பிறகு அவர் விரல் அந்தக் கோட்டில் நின்றது. "இது என்ன?"

சொன்னேன்.

"சரி. ரீடச் பண்ணி இத எடுத்துரு."

அந்தக் காலத்தில் நெகட்டிவிலேயே கூர்மையான கத்தியால் சுரண்டியும் பென்சிலால் தீட்டியும் வேண்டாததை மறைப்பது எல்லா ஸ்டூடியோவிலும் நடந்ததுதான். முகத்தில் பரு இருந்தால் எடுப்பார்கள். நானும் செய்திருக்கிறேன். ஒரு நாள் வேலை. அதன் பிறகு அந்தச் சுவரில் விரிசல் இருந்ததற்கு நெகட்டிவில் தடமே இருக்காது.

"எடுக்க முடியும் சார். ஆனா நான் எடுக்க மாட்டேன்."

அவர் கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் பேசினார். "நான் அத மறைக்கச் சொல்லலம்மா. அவங்களுக்குத் தனியா கடுதாசி எழுதிக்கலாம். காலண்டர் ஊரெல்லாம் மாட்டற சாமான். விரிசல் விட்ட சொவத்த அதுல போட முடியுமா?"

"போட வேண்டாம் சார். வேற படம் போடுங்க. ஆனா இந்த நெகட்டிவ்ல கை வைக்கக் கூடாது. அந்த ஆளு கடுதாசி எழுதித்தான் பாத்தாரு. யாரும் நம்பல. இதத் தவிர அவருக்குச் சாட்சி இல்ல. அந்தச் சொவத்துக்குக் கீழ ரெண்டு புள்ளைங்க வெளாடுதுங்க சார்."

"நீ இன்னும் டெம்பரரிதான? ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க சார்."

அப்போது ஜமால் சார் ஓரடி முன்னால் வந்தார்.

"தாங்கள் தயவுசெய்து ஒண்ணு யோசிக்கணும் சார்" என்றார். "நாம இத அழிச்சுட்டு காலண்டர் போட்டுட்டோம். நாளைக்கு, அல்லாஹ் காப்பாத்தணும், அந்தச் சொவரு இறங்கிருச்சுன்னா, ஒவ்வொரு வீட்லயும் மாட்டுன நம்ம காலண்டரே சொல்லும், இவங்க பாத்துட்டுத்தான் அழிச்சாங்கன்னு. இந்தப் படத்த விளக்குத் துறைக்கு என் கையெழுத்துல இன்னைக்கே அனுப்பறேன். தாங்கள் அனுமதிச்சா ஆலையோட பேருல அனுப்பறேன். இல்லன்னா என் பேருல."

பொது மேலாளர் படத்தை மறுபடி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசியில், "ஆலை பேருல அனுப்புங்க" என்றார். என்னைப் பார்த்து, "நீ ட்ரேசிங் மேசைக்குப் போம்மா. காமிராவ வேற யாராவது பாத்துக்கட்டும்" என்றார்.

அந்த வருடக் காலண்டரில் ஆலையின் புகைபோக்கி வந்தது. நான் மாதக்கணக்கில் ட்ரேசிங் மேசையில் உட்கார்ந்து குழாய் வரைபடங்களை நகலெடுத்தேன். குவாரிப் படத்துக்கு டவுன் ஸ்டூடியோவிலிருந்து ஆள் வந்து போனார். இருட்டறைச் சாவி என் கையை விட்டுப் போயிருந்தது. அந்த நெகட்டிவ் மட்டும் ஜமால் சாரின் பீரோவில் பூட்டியிருந்தது. இரண்டு முறை மேலாளர் அறையிலிருந்து ஆள் வந்து, அடுத்த காலண்டருக்காக நெகட்டிவைச் சரிசெய்து கொடுத்தால் பழையபடி காமிரா வேலைக்குப் போகலாம் என்றார்கள். இரண்டு முறையும் முடியாது என்றேன். ரத்தினம் அதைப் பற்றி ஒரே ஒரு முறை பேசினார். "வேல போனா கடையில காஜா எடுக்க ஆளு வேணும். வந்துரு." அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

ஆவணி வாக்கில், ஒரு நாள் மத்தியானம், வரைபடப் பிரிவு வாசலில் அந்தோணி வந்து நின்றார். பனையோலைப் பாய் ஒன்றைச் சுருட்டித் தோளில் வைத்திருந்தார். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

"சாரம் கட்டி ஏறிப் பாத்துட்டாங்கம்மா" என்றார். "உங்க படத்த கையில வச்சுக்கிட்டே ஏறுனாங்க. நீங்க காட்டுன எடத்துலேயே உடச்சுப் பாத்தா, உள்ள கம்பி துருப்பிடிச்சு ஊதிப் போயி கெடக்கு. அந்தப் பக்கம் கம்பிக்கு மேல கான்கிரீட்டு சன்னமா விட்டுட்டாங்களாம். உப்புக் காத்து உள்ள போயிருச்சு. சிமெண்டு மேல கொறை இல்லன்னு இஞ்சினியரே சொன்னாரு. இன்னும் ரெண்டு மழைக்காலம் விட்டிருந்தா பேத்துக்கிட்டு விழுந்திருக்கும்னாரு. இப்ப எங்கள வேற வூட்டுல வச்சுட்டு வேல நடக்குது."

பாயைப் பிரித்தார். உள்ளே கருவாடு. முத்தையன் கொடுத்தனுப்பியது. வரைபடப் பிரிவு முழுக்க வாசனை ஏறியது. ஜமால் சார் எழுந்து போய், மிகுந்த மரியாதையோடு எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டார். பிறகு தன் பங்காக ஒரு கட்டு வாங்கிக்கொண்டார்.

சிமெண்ட் மேல் குறையில்லை என்ற செய்தி பொது மேலாளருக்கும் போயிற்று. மறுவாரம் இருட்டறைச் சாவி என் மேசைக்கு வந்தது. அடுத்த மாசியில் பழுது பார்த்த கோபுரத்தை எடுத்துவரச் சொன்னார் பொது மேலாளர். அதே திட்டு. அதே ஆட்கள். புதுக் கான்கிரீட் போட்ட இடம் மட்டும் சற்று வெளிறி, ஒட்டுப்போட்டது தெரிந்தது. படத்தைப் பார்த்து, "இது தெரியட்டுமா?" என்று கேட்டார். "தெரியட்டும் சார்" என்றேன். அப்படியேதான் காலண்டரில் வந்தது.

அதற்குச் சில மாதம் கழித்து எனக்கு நிரந்தர வேலைக்கான உத்தரவு வந்தது. அதில் பதவி என்ற இடத்தில் 'ட்ரேசர்' என்று அடித்திருந்தார்கள். நான் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினேன். பொது மேலாளர் கூப்பிட்டார்.

"ஏம்மா, இந்த ஆலையில போட்டோகிராபர்னு ஒரு பதவியே இல்ல. சம்பளம் ரெண்டுக்கும் ஒண்ணுதான். பேரு எதுவா இருந்தா உனக்கென்ன?"

"அன்னைக்கு நான் கடலுக்குள்ள ட்ரேசராவா சார் நின்னேன்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பதவி இல்லாத இடத்தில் பதவி உண்டாக்க மெட்ராஸ் ஆபீஸ் வரை எழுத வேண்டும், காலம் பிடிக்கும், அதுவரைக்கும் தற்காலிகம்தான் என்றார். பரவாயில்லை, இருக்கிறேன் என்றேன். ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நடுவில் ட்ரேசர் உத்தரவு இன்னொரு முறை வந்தது. அதையும் திருப்பினேன். கடைசியில் வந்த தாளில் 'புகைப்படக்காரர்' என்று இருந்தது. ஜமால் சாரிடம் பேனா கடன் வாங்கி, அவர் மேசையிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.